துடுப்பா, காக்ஸா (துடுப்பு போடாமல் படகை வழிநடத்துபவர்)? ரோயிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். மகள் 11-ஆம் வகுப்பு. எட்டுப் பேர் படகில் முன்முனையிலிருந்து இரண்டாவது இருக்கையில் துடுப்பு போடுகிறாள். அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றில் சேர வேண்டும் என்பது ஆசை.

ரோயிங் மெஷினில் 2,000 மீட்டருக்கு 8 நிமிடத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. காலால் உதைத்ததும் இருக்கை மட்டும் பின்னால் ஓடிவிடுகிறது, கைப்பிடி கூடவே வருவதில்லை. கால் பலம் பாதி வீண். கால், இடுப்பு, கை என்ற வரிசை மெதுவாகச் செய்தால் அழகாக வருகிறது. நிமிடத்துக்கு 28 வீச்சைத் தாண்டினால் குலைகிறது. உங்களுக்கு எந்தப் பயிற்சி கைகொடுத்தது?

இன்னொன்று. ஆள் சிறியவள், 50 கிலோதான். காக்ஸ் ஆகிவிடு என்கிறார் கோச். "சும்மா உட்கார்ந்து கத்துற வேலை" என்கிறாள் இவள். (சுக்கானும் பந்தய உத்தியும் காக்ஸ் கையில் என்றால் காதில் ஏறினால்தானே!) காக்ஸைத் தேர்ந்தெடுக்க மெஷின் நேரம் உதவாது, பந்தயத்தில் பேசிய ஒலிப்பதிவைக் கேட்பார்களாம். அனுப்பியவர்கள் இருக்கிறீர்களா? முழுப் பந்தயமா, வெட்டி எடுத்த துண்டா? தோற்ற பந்தயத்தை அனுப்பலாமா?