ஈஸ்டர் காலை விருந்துக்கு முயல் வடிவப் பஃப்

கேள்வி: ஈஸ்டர் ஞாயிறன்று கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்த முயல் வடிவப் பஃப்களைப் பரிமாற எண்ணியுள்ளேன். ஒத்திகை பார்த்தபோது காதுகள் கருகின. வயிறு பிளந்து கீரைநீர் தட்டெங்கும் வழிந்தது. எங்கே தவறினேன்?

மறுமொழி 1: வதக்கிய கீரையை ஆறவைத்து, துணியில் கட்டி இறுகப் பிழிந்த பின்னரே கலக்க வேண்டும். வெண்ணெய் அடுக்குகளிலுள்ள நீர் ஆவியாகும் விசையில்தான் மாவு உப்புகிறது என்பதால், வெட்டிய வடிவங்களை 20 நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து, 200 டிகிரி செல்சியஸுக்கு முன்பே சூடேற்றிய அவனில் சுடுங்கள். வயிற்றில் சிறு கீறல் இட்டால் ஆவி வெளியேறும்.

மறுமொழி 2: முட்டைக் கலவையை மேற்புறத்தில் மட்டுமே பூசுங்கள், ஓரத்தில் வழிந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். காதுகள் சிவந்ததும் அலுமினியத் தாளால் மூடிவிடலாம். கண்ணுக்குக் கருஞ்சீரகம் போதும். மிளகு வைத்தால் முயல் முறைப்பது போலிருக்கும்.