தண்டுவடக் காயம்: கையில் வளர்ந்த நரம்பு முதுகில் ஏன் வளரவில்லை? ஸ்டெம் செல்லுக்காகத் தோப்பை விற்கலாமா?

கேட்பவர்: சந்தூர் மாந்தோப்பு, கிருஷ்ணகிரி மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 29. சென்ற மே மாதம் பெங்களூரா மாங்காய் பறிக்கத் தொரட்டியோடு மரமேறியவன், கிளை முறிந்து விழுந்து, முதுகெலும்பில் டி10 (மார்புப் பகுதியின் பத்தாம் முள்ளெலும்பு) நொறுங்கி, தொப்புளுக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லாமல் இருக்கிறான். மூன்றாம் நாளில் அறுவை செய்து கம்பி வைத்தார்கள். ஏழு மாதம் ஆகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் 'முழுமையான காயம், ஏ தரம்' என்று எழுதியிருக்கிறது.

எனக்கு விளங்காதது ஒன்று உண்டு. இதே தம்பிக்குப் பதினைந்து வயதில் கரும்பு வெட்டும்போது கொடுவாள் பட்டு மணிக்கட்டில் நரம்பு அறுந்தது. தைத்து அனுப்பினார்கள், ஏழெட்டு மாதத்தில் சுண்டுவிரலில் உணர்வு திரும்பிவிட்டது. ஒரே உடம்பில் கையில் வளர்ந்த நரம்பு முதுகில் ஏன் வளராது?

வெளியூர் மருத்துவமனை ஒன்றில், இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்லை (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசியாக முதுகில் நான்கு தவணை போட்டால் நடக்க வாய்ப்புண்டு என்று சொல்லி எட்டு லட்சம் கேட்கிறார்கள். அப்பா ஒன்றரை ஏக்கர் தோப்புக்கு விலை பேசத் தொடங்கிவிட்டார். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓசூர்க்காரன் (நரம்பியல் ஆய்வு மாணவன்)

அக்கா, நீங்கள் கேட்டிருப்பது இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி.

கையில் ஓடும் நரம்பு அறுந்தால், அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள இழை செத்துப்போகும். ஆனால் அதைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் சாகாமல், குப்பையை அகற்றிவிட்டு, வரிசையாக நின்று புதிய இழை போவதற்குப் பாதை அமைத்துக் கொடுக்கும். அந்தப் பாதையில் இழை நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதம்; தைத்த பிறகு வளர்ச்சி தொடங்க ஆகும் சில வாரங்களையும் சேர்த்தால், உங்கள் தம்பிக்கு ஆன ஏழெட்டு மாதக் கணக்கு சரியாகவே வருகிறது.

தண்டுவடத்தில் ஷ்வான் செல்கள் இல்லை. அங்கே நரம்பிழைக்கு உறை போடுபவை வேறு வகைச் செல்கள். அந்த உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. அடிபட்ட இடத்தைச் சுற்றித் தழும்பு கட்டிக்கொள்கிறது, நடுவே பல நேரங்களில் நீர்க்குழி விழுகிறது. போதாததற்கு, வளர்ந்த மனிதனின் மூளை, தண்டுவட நரம்புச் செல்களுக்கு வளரும் வேகமும் குறைந்துவிடுகிறது. ஸ்பெயின் நாட்டு ராமோன் இ காஹால் 1928-இல் வெளியான நூலில் இங்கே மறுவளர்ச்சி இல்லையென்றே எழுதினார். அவரும்கூட இதை மாற்றும் வேலையை வருங்கால அறிவியலுக்கு விட்டுவைத்தார்.

1981-இல் கனடாவின் மான்ட்ரியலில் அகுவாயோ குழுவினர், எலியின் கால் நரம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தண்டுவடத்துக்குப் பாலமாக வைத்தார்கள். வளராது என்று சொல்லப்பட்ட இழைகள் அதனுள் மூன்று சென்டிமீட்டர் வரை வளர்ந்தன. பந்தல் போட்டவுடன் ஏறும் அவரைக்கொடி போலத்தான். குறை கொடியில் மட்டும் இல்லை, பந்தலிலும் இருந்தது. ஆனால் பாலம் முடிந்து மறுபடி தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்திலேயே அவை நின்றுவிட்டன. அந்த நுழைவாயிலில்தான் இன்றைக்கும் பெரும்பாடு.

தடுக்கும் புரதங்களில் ஒன்றான நோகோ-ஏ என்பதை முடக்கும் மருந்தை ஜூரிக்கின் மார்ட்டின் ஷ்வாப் குழுவினர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கினார்கள். கழுத்தில் அடிபட்டு நான்கு வாரத்துக்குள் இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2024-இல் வெளிவந்தது: மொத்தக் கணக்கில் கைகளின் வலிமை கூடவில்லை, காயம் முழுமையாக இல்லாதவர்களிடம் மட்டும் ஒரு நல்ல அறிகுறி தெரிந்தது. ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஐபிஎஸ் வகை (உடலின் சாதாரணச் செல்லைத் தொடக்க நிலைக்குத் திருப்பி எடுப்பது) ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய நரம்பு முன்னோடிச் செல்களை நால்வருக்குச் செலுத்தி, இருவருக்கு முன்னேற்றம் கண்டதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். அதுவும் அடிபட்ட சில வாரங்களுக்குள், பாதுகாப்பைப் பார்ப்பதற்கான முதற்கட்டச் சோதனையே. ஏழு மாதம் கழித்து இடுப்பெலும்பு மஜ்ஜையை உறிஞ்சி முதுகில் செலுத்துவதற்கும் இதற்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர எதுவும் இல்லை.

இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வில் சேருபவரிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. எட்டு லட்சம் கேட்கிறார்கள் என்ற ஒரு வரியிலேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது. இது வெறும் பணநட்டத்தோடு நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. வெளிநாட்டில் மூக்கின் உட்சவ்விலிருந்து எடுத்த திசுவைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட இளம்பெண் ஒருவருக்கு எட்டு ஆண்டுகள் கழித்து முதுகில் கட்டி வளர்ந்து, அதை அகற்றியபோது உள்ளே சளி போன்ற திரவம் இருந்ததாக 2014-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

பதில்: பென்னாகரம் மூன்றுசக்கரம்

அக்கா, நான் புளி உலுக்க ஏறி விழுந்தவன். எனக்கு டி12. பதினொரு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலிதான். எங்கள் வீட்டிலும் இதே ஊசிக்காகக் கிணற்றோடு இருந்த நிலத்தை விற்றார்கள். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று இங்கே எழுத விரும்பவில்லை. கால் விரல்கூட அசையவில்லை. அந்த ஊருக்கு நான்கு முறை காரில் ஆறு ஆறு மணி நேரம் ஒரே இருப்பாக உட்கார்ந்து போனதில் பிட்டத்தில் எலும்பு தெரியும் அளவுக்குப் புண் வந்தது. அது ஆற ஒன்பது மாதம் ஆயிற்று.

அந்தப் பணத்தில் கால்வாசி இருந்திருந்தால் நல்ல மெத்தை, அளவெடுத்த சக்கர நாற்காலி, வாசற்படிக்குச் சாய்தளம் எல்லாம் முதல் ஆண்டிலேயே முடிந்திருக்கும். பிறகு வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு மையத்துக்குப் போனேன். அதைத் தொடங்கிய மேரி வர்கீஸ் அம்மையாரே 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்; சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு யாரும் தூக்காமல் மாறுவதை அங்கேதான் கற்றேன். தம்பிக்கு டி10 என்றால் இரண்டு கைகளும் முழு வலுவோடு இருக்கும். தவறாமல் அழைத்துப் போங்கள்.

பதில்: தருமபுரி பிசியோ

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஒன்றைச் சேர்க்கிறேன். ஏ தரம் என்று எப்போது குறித்தார்கள் என்று பாருங்கள். விழுந்த முதல் சில நாட்களில் தண்டுவடம் அதிர்ச்சியில் முடங்கிக் கிடக்கும். அப்போது போட்ட தரத்தை இறுதியாகக் கொள்ள முடியாது. ஆசனவாயில் தொடு உணர்வோ சுருக்கமோ சிறிதளவு இருந்தாலும் காயம் 'முழுமையற்றது' ஆகிவிடும். இந்தச் சோதனையைக் கூச்சத்தால் தவிர்த்துவிடுவது நம் பக்கம் சாதாரணம். மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

மின்தூண்டல் பற்றியும் யாராவது வந்து சொல்வார்கள் என்பதால் எழுதுகிறேன். சுவிட்சர்லாந்தின் லோசானில் கோர்த்தீன் குழுவினர் 2018-இல் மூவரைத் தண்டுவடத்தின் மேல் மின்முனை வைத்து நடக்கவைத்தார்கள். அங்கே நரம்பு புதிதாக வளரவில்லை. அறுபடாமல் எஞ்சியிருந்த இழைகளையும், கீழே உயிரோடு இருந்த நரம்புச் சுற்றுகளையும் எழுப்பினார்கள். தோலின் மேல் ஒட்டும் கருவி ஒன்றுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆனால் அது கழுத்துக் காயத்தால் கை வலுவிழந்தவர்களுக்கானது. தம்பிக்கு இப்போதைக்குப் பொருந்தாது.

ஒன்றை மட்டும் என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். நாளை எந்தச் சிகிச்சை வந்தாலும், முழங்கால் மடங்கி இறுகியவரையும், புண்ணும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவரையும் அதில் சேர்ப்பது கடினம். ஆகவே படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டுங்கள். நாற்காலியில் அரை மணிக்குள் ஒரு முறையாவது கையூன்றி எழும்பச் சொல்லுங்கள். கதீட்டரை (சிறுநீர்க் குழாய்) நிரந்தரமாக விட்டுவைக்காமல், நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கொரு முறை தானே போட்டு எடுக்கும் முறைக்கு மாறலாமா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்டில் அத்திட்டம் தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

கேட்பவர்: சந்தூர் மாந்தோப்பு

மூவருக்கும் நன்றி. இதை அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். விலை பேசியவரிடம் பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்த அளவுக்காவது இறங்கி வந்தார். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன். தரம் போட்ட தேதி, விழுந்த மறுநாள்.

பென்னாகரம் தம்பி, பாகாயத்துக்கு முதல் முறை போகும்போது காரில் எப்படிப் படுக்கவைத்து அழைத்துப் போனீர்கள், எத்தனை இடத்தில் நிறுத்தினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.