க்ரூகரில் ஐந்து இரவு: நாமே ஓட்டுவதா, லாட்ஜில் இறங்குவதா?

கொடிவேரி:
மே மாதக் கடைசி வாரத்தில் தென்னாப்பிரிக்கா போகிறோம். க்ரூகர் தேசியப் பூங்காவுக்கு ஐந்து இரவு ஒதுக்கியிருக்கிறோம். நான், கணவர், எட்டு வயது மகள், 68 வயது மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி. ஆனாலும் யானையைக் காட்டில் பார்க்கவேண்டும் என்று எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் ஆசை.

கையில் இரண்டு திட்டம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்கில் வாடகைக் கார் எடுத்து, பூங்காவுக்குள் இருக்கும் அரசு முகாம்களிலேயே ஐந்து இரவும் தங்கி, நாங்களே ஓட்டிச் சுற்றுவது ஒன்று. மூன்று இரவு முகாமில், கடைசி இரண்டு இரவு பக்கத்திலுள்ள சாபி சாண்ட் தனியார் காப்பகத்தில் ஒரு லாட்ஜில் தங்கி, அவர்கள் வண்டியில் வழிகாட்டியோடு சுற்றுவது என்பது மற்றொன்று. அந்த இரண்டு இரவுக்கு ஆகும் பணத்தைக் கேட்டால் மாமியாருக்கு முழங்கால் வலியே மறந்துபோகும். கணவர் லாட்ஜ் கட்சி. நான் இன்னும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாம் கியர்:
ஜோகன்னஸ்பர்கில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். க்ரூகருக்கு எத்தனை முறை போனேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். யோசிக்கவே வேண்டாம், ஐந்து இரவும் முகாம்தான்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர். வடக்கு தெற்காக 350 கிலோமீட்டருக்கும் மேல். தார்ச்சாலையில் 50, மண் சாலையில் 40, அதற்கு மேல் ஓட்டக்கூடாது. ஸ்குகூசா முகாமிலிருந்து சதாரா முகாம் 90 சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் நின்று நின்று போனால் அரை நாள் போய்விடும். ஆகவே வடக்கை மறந்துவிடுங்கள். அங்கே மோபானி மரக்காடு, யானை உண்டு, மற்றவை குறைவு. தெற்கிலும் நடுவிலும் மட்டும் இருங்கள்: லோயர் சாபி, ஸ்குகூசா, சதாரா. சதாராவைச் சுற்றி எரிமலைப் பாறை மண், நல்ல புல். புல் இருக்கும் இடத்தில் வரிக்குதிரையும் வில்டபீஸ்ட் மானும், அவை இருக்கும் இடத்தில் சிங்கமும்.

அங்கே வண்டி இடதுபக்கம் ஓடுகிறது, நம் ஊர் மாதிரியேதான். முக்கியச் சாலைகள் எல்லாம் தார். சாதாரண செடான் கார் போதும். பாட்டிக்குக் கால் வலித்தால் முகாமுக்குத் திரும்பிவிடலாம், குழந்தைக்கு அலுத்துவிட்டால் நீச்சல் குளம் இருக்கிறது. லாட்ஜ் வண்டியில் ஏறிவிட்டால் மூன்று நான்கு மணி நேரம் அவர்கள் கணக்கு.

பனங்காடை:
அண்ணன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

முதல் தடவை நானும் இப்படித்தான் செடான் எடுத்தேன். நான்கு நாள். சிறுத்தை என்று நான் பார்த்தது ஒரு வால், அதுவும் எனக்கு முன்னால் நின்ற பதினைந்து கார்களின் கூரைகளுக்கு மேலே. ஸ்குகூசாவுக்கும் லோயர் சாபிக்கும் நடுவே ஆற்றோரம் போகும் சாலையில் ஒரு சிறுத்தை படுத்துவிட்டால் போதும், தேர்த் திருவிழாதான். சாலையை விட்டு ஓர் அடி இறங்கக்கூடாது, வண்டியிலிருந்து காலை வெளியே வைக்கக்கூடாது. பூங்காவுக்குள் விதி அப்படி. அதிலும் மே மாதத்தில் மழை நின்றிருக்கும், ஆனால் புல் முழுதாகப் படிந்திருக்காது. செடானில் உட்கார்ந்தால் கண் மட்டத்தில் புல்தான்.

அடுத்த முறை சாபி சாண்டில் இரண்டு இரவு. வண்டியின் முன்மூக்கில் தனி இருக்கை போட்டு ஒரு தடம் பார்ப்பவர் உட்கார்ந்திருப்பார். விடிகாலையில் மணலில் ஒரு தடத்தைப் பார்த்தார், இறங்கினார், விரலால் ஓரத்தைத் தொட்டார், 'இப்போதுதான்' என்றார். சாலையை விட்டு விலகிப் புதருக்குள் போய், முக்கால் மணி நேரம் கழித்து, மரக்கிளையில் இம்பாலா மானைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்த பெண் சிறுத்தைக்குக் கீழே நின்றோம். எங்கள் வண்டியும் இன்னொன்றும் மட்டும். அதற்குத்தான் அந்தப் பணம்.

வெண்டைக்காய்:
சிறுத்தை என்றால் லெப்பர்டா, சீட்டாவா? போன தடவை இதே குழப்பத்தில் இங்கே மூன்று பக்கம் சண்டை நடந்தது.

பனங்காடை:
லெப்பர்ட். சீட்டா என்றால் சிவிங்கிப்புலி என்று எழுதுவேன். நிம்மதியா?

நாலாம் கியர்:
பனங்காடை, அது அருமையான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறுத்தை ஏன் உங்களைக் கண்டு ஓடவில்லை? அதன் அம்மா, பாட்டி காலத்திலிருந்து தினமும் இரண்டு வேளை அதே வண்டிகளைப் பார்த்து வளர்ந்தது. வழிகாட்டிகள் ரேடியோவில் பேசிக்கொண்டே ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். நீங்கள் கண்டுபிடிக்கவில்லை, உங்களுக்குக் காட்டினார்கள். என் மகள் லோயர் சாபி பக்கத்துக் குளத்தில், சன்செட் டாம் என்பார்கள், முதலையை மரக்கட்டை இல்லை என்று தானே கண்டுபிடித்துக் கத்தினாள். மூன்று வருடம் ஆகிறது, இன்னும் அதைச் சொல்கிறாள்.

இன்னொன்று. சாபி சாண்டுக்கும் க்ரூகருக்கும் நடுவே இருந்த வேலியை 1993-லேயே எடுத்துவிட்டார்கள். இங்கே இருக்கும் விலங்குதான் அங்கேயும்.

பனங்காடை:
விலங்குக்கு வேலி இல்லை. நமக்கு இருக்கிறதே, அதுதான் பேச்சு. வண்டிக்குப் பழகிய சிறுத்தை என்பது உண்மை. பழகியதால்தான் அது வேட்டையாடுவதையும் குட்டிக்குப் பால் கொடுப்பதையும் பார்க்க முடிகிறது. பழகாததன் வாலைப் பார்த்தாயிற்று, சொன்னேனே. தவிர, இருட்டிய பிறகு முகாமுக்குள் அடைந்துவிடும் உங்களுக்கு இரவுக் காடு எப்படித் தெரியும்? மே மாதத்தில் மாலை ஐந்தரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். தாமதமாக வந்தால் அபராதம். சிறுத்தை சோம்பல் முறிக்கும் நேரத்தில் நீங்கள் வாட்சைப் பார்த்துக்கொண்டு முகாமுக்கு ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

உப்பளம்:
சிறுத்தையைத் தாண்டி ஒரு விஷயம். பணம் எங்கே போகிறது என்பதை இரண்டு பேருமே பேசவில்லை.

முகாம்களில் நீங்கள் கட்டும் பணம் நாட்டின் தேசியப் பூங்கா அமைப்பான சான்பார்க்ஸுக்குப் போகிறது. அவர்கள் கையிலுள்ள பூங்காக்களில் பெரும்பாலானவை தங்கள் செலவைத் தாங்களே ஈட்டுவதில்லை, க்ரூகரின் வருமானம்தான் அவற்றைத் தாங்குகிறது. தனியார் காப்பகம் என்பது நில உரிமையாளர்களின் சொத்து. ஓர் இரவுக்கு ஓர் ஆளுக்குப் பத்தாயிரம் ராண்டுக்கும் மேல் வாங்கும் லாட்ஜ்கள் அங்கே உண்டு. தடம் பார்ப்பவர் சுற்றுவட்டாரத்தில் சங்கான் இன மக்கள் வாழும் கிராமத்துக்காரர், நிலம் வேறொருவருடையது. பனங்காடையின் அழகான கதையில் இது வரவில்லை.

பனங்காடை:
அந்த வேலை இல்லாவிட்டால் அவருக்கு அந்தப் பக்கத்தில் வேறு என்ன வேலை இருக்கிறது என்றும் சொல்லுங்கள். எங்கள் லாட்ஜில் பன்னிரண்டு விருந்தினர்தான். சமையல், வண்டி, காவல் என்று அதைவிட அதிகம் பேர் வேலை பார்த்தார்கள். முகாமில் நூற்றுக்கணக்கானவர் தங்குகிறார்கள், ஆளுக்கு எத்தனை வேலை என்று கணக்குப் போடுங்கள். அரசு கையில் இருப்பதாலேயே நியாயம் ஆகிவிடாது. மக்குலேக்கே மக்களை அங்கிருந்து துரத்தியது யார்?

உப்பளம்:
அதை நானே சொல்ல இருந்தேன், நீங்களே எடுத்துவிட்டீர்கள். தெரியாதவர்களுக்கு: க்ரூகரின் வடகோடியில், லுவுவு ஆற்றுக்கும் லிம்போப்போ ஆற்றுக்கும் நடுவே இருந்த மக்குலேக்கே மக்களை நிறவெறி அரசு 1969-இல் வீடுகளோடு பெயர்த்து எறிந்து, நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தது. அவர்கள் வழக்காடி 1998-இல் இருபதாயிரம் ஹெக்டேருக்கும் மேல் திரும்பப் பெற்றார்கள். பெற்றபிறகு குடியேறவில்லை, காடாகவே வைத்துக்கொண்டு லாட்ஜ்களுக்கு ஒப்பந்தம் கொடுத்து வருமானம் பார்க்கிறார்கள். லாட்ஜ் கூடாது என்று நான் சொல்லவில்லை. நிலம் யாருடையது என்று பார்த்துப் போங்கள் என்கிறேன். மக்குலேக்கே லாட்ஜ்கள் நில உரிமை உள்ளவர்களுக்கே பங்கு கொடுக்கின்றன.

நாலாம் கியர்:
உப்பளம், கொள்கை சரி. ஆனால் ஐந்து இரவில், எட்டு வயதுக் குழந்தையோடும் பாட்டியோடும் மக்குலேக்கே வரை போகச் சொல்வீர்களா? தெற்கு வாசலிலிருந்து இரண்டு நாள் ஓட்டம்.

உப்பளம்:
சொல்லமாட்டேன். அடுத்த முறைக்குச் சொன்னேன்.

மருந்துச்சீட்டு:
சண்டைக்கு நடுவே ஒரு விளம்பர இடைவேளை. க்ரூகர் மலேரியாப் பகுதி. மழைக்காலமும் அதை ஒட்டிய மாதங்களும்தான் ஆபத்து அதிகம். மே மாதத்தை முழுக்கப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். குளிர் வந்துவிட்டதே என்று மாத்திரையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பயண மருத்துவரை நாலைந்து வாரம் முன்னதாகவே பாருங்கள். குழந்தைக்கு எடை பார்த்துத்தான் மாத்திரை தருவார்கள். பாட்டி ஏற்கனவே எடுக்கும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். திரும்பி வந்து சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் 'ஆப்பிரிக்கா போயிருந்தேன்' என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்கா மட்டும் என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையில்லை. கென்யாவில் இறங்கிப் போகும் திட்டம் இருந்தால் கதை வேறு: சான்றிதழ் இல்லாமல் வந்தால் இந்தியாவிலேயே தனிமையில் வைப்பார்கள்.

கொடிவேரி:
எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். லாட்ஜ் போனால், ஸ்குகூசாவிலிருந்து அப்படியே சாபி சாண்டுக்குள் ஓட்டிப் போய்விடலாமா? வேலிதான் இல்லையே.

நாலாம் கியர்:
முடியாது. பால் க்ரூகர் வாசல் வழியாக வெளியே வந்து, காப்பகத்தின் தனி வாசலுக்குப் போய், தனி நுழைவுக் கட்டணம் கட்டி, நேரே லாட்ஜுக்குத்தான் ஓட்டவேண்டும். அங்கே நீங்களே சுற்ற அனுமதி இல்லை. இடம் மாறும் நாளில் அரை நாள் போகும்.

பனங்காடை:
அரை நாள் என்பது கொஞ்சம் அதிகப்படி. மாலைச் சவாரிக்குள் சேர்ந்துவிடலாம். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: முழங்கால் வலி. திறந்த ஜீப்பில் ஏறுவது ஏணி ஏறுகிற மாதிரிதான், சாலையை விட்டு இறங்கினால் குலுக்கலும் உண்டு. மே கடைசியில் விடிகாலைக் காற்று எலும்பைத் தொடும். கம்பளி, வெந்நீர்ப் பை எல்லாம் தருவார்கள், இருந்தாலும். முதல் பதிவில் இதை ஒழுங்காகப் படித்திருந்தால் இவ்வளவு வேகம் காட்டியிருக்க மாட்டேன்.

வெண்டைக்காய்:
நடுவில் ஒரு வழி இருக்கிறதே, யாரும் சொல்லவில்லை. முகாம்களே உயரமான லாரியில் காலை, மாலைச் சவாரி நடத்துகின்றன. காலை வண்டி கதவு திறப்பதற்கு முன்பே கிளம்பிவிடும். மாலை வண்டி இருட்டிய பிறகு விளக்கடித்துக்கொண்டு திரும்பும். ஆறு வயதுக்குக் கீழே ஏற்றமாட்டார்கள், உங்கள் மகளுக்கு எட்டு. சாலையை விட்டு விலகாது, கூட்டமும் இருக்கும். ஆனால் லாட்ஜ் விலையில் ஒரு சிறு துண்டுதான். நாங்கள் சதாராவில் போனோம். கழுதைப்புலிக் குட்டிகள் சாலையோரக் குழாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. நாங்கள் பகலில் அதே இடத்தை நான்கு முறை தாண்டியிருக்கிறோம்.

நாலாம் கியர்:
அட, அதை எப்படி மறந்தேன். அதில் போகிற வழக்கமே விட்டுப்போய்விட்டது.

பனங்காடை:
லாரியும் உயரம்தான், ஏறும் படி எப்படி என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பாட்டி வராவிட்டாலும் நீங்கள் மூவரும் போகலாம்.

கொடிவேரி:
பேசி முடித்துவிட்டோம். லோயர் சாபி முழுக்க நிரம்பிவிட்டது. ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே பதிவு செய்கிறார்களாம், எனக்கு இப்போதுதான் தெரிந்தது. கிடைத்தது: க்ரொக்கடைல் பிரிட்ஜில் ஒரு இரவு, ஸ்குகூசாவில் இரண்டு, சதாராவில் இரண்டு. சதாராவில் ஒரு மாலைச் சவாரிக்கும் மூன்று பேருக்குப் போட்டுவிட்டேன். மாமியார் அன்று முகாம் வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன் என்கிறார். ஜோகன்னஸ்பர்கில் இறங்கும் அன்று நேரே ஓட்டாமல் நெல்ஸ்புருயிட்டில், இப்போது ம்பொம்பேலா என்கிறார்கள், ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் நுழைகிறோம். கணவர் லாட்ஜ் பக்கத்தை இன்னும் மூடவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மாமியாரின் கேள்வி ஒன்று பாக்கி: குக்கர் கொண்டுவரலாமா?

நாலாம் கியர்:
தாராளமாக. ஆனால் பதிவு செய்த குடிலில் அடுப்பும் பாத்திரமும் உண்டா என்று பாருங்கள், எல்லாக் குடிலிலும் கிடையாது. சமையலறை பல இடங்களில் திண்ணையில்தான் இருக்கும். குளிர்சாதனப் பெட்டிக்குக் குரங்குப் பூட்டு போட்டிருப்பார்கள், சோம்பல் படாமல் ஒவ்வொரு முறையும் பூட்டுங்கள். பபூன் குரங்குகள் கதவு திறக்கத் தெரிந்தவை. எங்கள் தயிர்ச்சாதத்தைப் பாத்திரத்தோடு கூரைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டது ஒன்று. பாத்திரம் மட்டும் கீழே வந்தது.

பனங்காடை:
சதாராவில் இருக்கும் இரண்டு காலையும் சரியாக ஆறு மணிக்கு முதல் வண்டியாகக் கதவருகே நில்லுங்கள். வெளியே வந்ததும் எஸ்-100 மண் சாலையில் திரும்பி, 20 வேகத்தில், ஜன்னலை இறக்கிவிட்டுப் போங்கள். இம்பாலாக்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றால் வண்டியை நிறுத்திவிட்டு நீங்களும் அந்தப் பக்கம் பாருங்கள். சிறுத்தை முழுதாகத் தெரிந்தால் இங்கே வந்து என்னைத் திட்டலாம்.