புதுப்பிப்பு: எல்லா பிளாக்குக்கும் 1.0 வோல்ட் கொடுத்த சிப், பவர் குறைந்த கதை

நான் வடிவமைக்கும் சிப் பவர் பட்ஜெட்டைத் தாண்டுகிறது, எந்தெந்த பிளாக்குக்கு (சிபியு, ஆடியோ போன்ற பகுதிக்கு) வோல்டேஜைக் குறைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஒவ்வொரு பிளாக்குக்கும் தேவையான வோல்டேஜைத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தேன். கணக்கில் அழகாக இருந்தது. லேஅவுட்டில் லெவல் ஷிஃப்டரும் (சிக்னலை ஒரு வோல்டேஜிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சர்க்யூட்) கூடுதல் சப்ளை வயர்களும் லாபத்தைத் தின்றுவிட்டன.

பலித்தது, "இரண்டே வோல்டேஜ் போதும், பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றைச் சேர்த்து ஒரே வோல்டேஜில் ஓடும் தீவாக்குங்கள்" என்ற யோசனைதான். சிபியு, மெமரி கன்ட்ரோலர் 1.0 வோல்ட்டில், ஆடியோ, டைமர், யுஆர்ட் (சீரியல் போர்ட்) எல்லாம் 0.8-இல். டைனமிக் பவர் (சிக்னல்கள் மாறும்போது செலவாகும் பவர்) வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே கிளாக்கில் அந்தத் தீவில் 36% குறையும். மொத்தச் சிப்பில் அவ்வளவு இல்லை, பெரும்பங்கைச் சாப்பிடுவது சிபியு ஆயிற்றே. ஆனாலும் பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது.

எதிர்பாராதது இரண்டு. 0.8-இலிருந்து 1.0-க்குப் போகும் ஒரு சிக்னலில் லெவல் ஷிஃப்டரை விட்டுவிட்டேன். ஆர்டிஎல் சிமுலேஷனுக்கு (டிசைன் கோடை ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு) வோல்டேஜே தெரியாது, அதனால் பாஸ். எந்தப் பகுதிக்கு எந்த சப்ளை என்று எழுதிவைக்கும் யுபிஎஃப் கோப்பை வைத்துச் செய்த செக்தான் பிடித்தது. விட்டிருந்தால் அங்கே பிமாஸ் டிரான்சிஸ்டர் முழுதாக அணையாமல் கரண்ட் கசிந்துகொண்டே இருந்திருக்கும்.

இன்னொன்று ஹோல்ட் டைமிங், அதாவது கிளாக் வந்த பிறகும் டேட்டா சற்று நேரம் மாறாமல் நிற்க வேண்டும் என்ற விதி. 0.8 தீவில் கிளாக் பஃபர்கள் மெதுவாகிவிட, கிளாக் தாமதமாக வந்தது, 1.0 பக்கமிருந்து வரும் டேட்டா முந்திக்கொண்டது. டேட்டா பாதையில் டிலே பஃபர் போட்டுச் சரிசெய்தேன். ஆடியோவின் எஸ்ரேம் (மெமரி) 0.8-க்குக் கேரக்டரைஸ் ஆகவில்லை, அதாவது அந்த வோல்டேஜுக்கான டைமிங் தரவு இல்லை, அதை மட்டும் 1.0-லேயே விட்டுவிட்டேன்.