மறு: மறு: மறு: கேட்டபுல்ட்டுக்கு என்ன சொல்? (வெள்ளிக்கிழமை கெடு!)

எல்லாருக்கும் வணக்கம். சிறுவர் அறிவியல் இதழ் ஒண்ணுக்கு அமெரிக்காவோட ஜெரால்டு ஃபோர்டு விமானந்தாங்கிக் கப்பல் பத்தி மொழிபெயர்த்துட்டு இருக்கேன். 2017-ல கடற்படையில சேர்ந்தது, சுமார் ஒரு லட்சம் டன், அணு உலை அது இதுன்னு எல்லாம் ஓடிருச்சு, கேட்டபுல்ட்ல வந்து மாட்டிக்கிட்டேன். மேல்தளத்துல நீளமா ஒரு காடி இருக்கு, அதுல ஓடுற கட்டை விமானத்தோட முன்சக்கரத்தை இழுத்துக்கிட்டுப் போயி ரெண்டு மூணு நொடியில 250 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டாந்து விட்டுருது. பழைய நிமிட்ஸ் வகைக் கப்பல்ல இதுக்கு நீராவி, ஃபோர்டுல மின்காந்தம். நான் 'ஏவுபொறி'ன்னு போட்டேன், பொண்ணு படிச்சுட்டு "ஏவுகணை விடுறதாம்மா?"ங்கிறா.
— சென்னை

அம்மா, கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறீங்க. சிலப்பதிகாரத்துல எங்க ஊர் மதில்மேல இருந்த பொறிகளை அடுக்குறப்பவே 'கல்லுமிழ் கவணும்'னு வருது, அடைக்கலக் காதை. வேரைப் பாருங்க: கவ்வு, கவர், கவை, கவடு, கவட்டை, எல்லாம் ஒரே குடும்பம். கட்டை சக்கரத்தைக் கவ்வுதுல்ல? கவ்வி எறியுறதுதான் கவண். மின்காந்தக் கவண், நீராவிக் கவண், முடிஞ்சது.
— மதுரை

முடியல ஐயா. கவ்வுக்கும் கவணுக்கும் முடிச்சுப் போடுறது உங்க சொந்தச் சரக்கு. கவண்ல வைக்கிற கல்லுக்கு எஞ்சின் கிடையாது, விமானம் முழு எஞ்சினும் அலற நிக்குது, கப்பல் இழுத்து மட்டும் குடுக்குது. அதனால 'இழுதடம்'. இன்னொண்ணு, சொல்லுக்குச் சொல் தமிழ் தேடுறவங்க 'விமானம்'னு எழுதலாமா? புறநானூறு 27-லயே 'வலவன் ஏவா வான ஊர்தி' இருக்கே.
— கோவை

வலவன் ஏவாதது ட்ரோன் கோவையாரே :-) வேற இழைக்குப் போங்க.
— மதுரை

நாங்கள் வானூர்தி எண்டுதான் எழுதுறனாங்கள், அதிலை பிரச்சினை இல்லை. ஆனா ஒண்டு சொல்லவேணும், சின்னனிலை மாங்காய்க்குக் கல்லடிச்ச ரப்பர் கவட்டைக்கு எங்கடை ஊரிலை பேரே 'கெற்றப்போல்'. இங்கிலீஷ்காரன்ரை அதே சொல்தான்! நீராவியாலை இயங்கிறதை யோசிச்சதும் பிரித்தானியக் கடற்படைக்காரர், கொலின் மிச்செல் எண்டவர், 1950 இலை பெர்சியஸ் கப்பலிலை சோதிச்சவை. எங்கடை பிள்ளையளுக்கு மின்காந்தக் கெற்றப்போல் எண்டால் உடனை விளங்கும், ஆனா சிரிப்பினம்.
— யாழ்ப்பாணம்

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். 1961-ல வந்த நம்ம பழைய விமானந்தாங்கி விக்ராந்த்லயே நீராவி கேட்டபுல்ட் உண்டு, ஸீஹாக், அலீஸே விமானங்க அதுலதான் கிளம்பும். கப்பல்காரங்க வாயில அது வெறும் 'கேட்'. அப்புறம் ஸீஹேரியர் விமானம் வந்ததும் அதைக் கழட்டிட்டு முன்பக்கம், அதாங்க அணியத்துல, மேடு வச்சாங்க. இப்ப கொச்சியில கட்டின 262 மீட்டர் புது விக்ராந்த்லயும் மேடுதான், விமானம் சொந்த பலத்துல ஓடி ஏறிக் குதிக்கும். நம்மகிட்ட அந்தப் பொறியே இல்லாதப்ப சொல் எப்படிப் புழங்கும்? கோவையார் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. எஞ்சின் முழு வேகத்துல கத்துறப்ப விமானத்தை நகராம பிடிச்சு வைக்க ஒரு பிடி இருக்கு, கேட் இழுக்குற இழுப்புலதான் அது விடும். தேருக்கு முட்டுக்கட்டை போடுவோமே, அந்த மாதிரின்னு வைங்க.
— நாகை

முட்டுக்கட்டை சக்கரத்துக்கு முன்னாடி போடுறது, நீங்க சொல்றது பின்னாலிருந்து பிடிக்கிறது. 'பின்பிடி'ன்னு சொல்லலாம்.
— கோவை

ஐயா அதுக்கு இன்னும் நான் சொல்லே கேக்கல! மணி பதினொண்ணு. 'கவண்பொறி'ன்னு போட்டு, முதல் தடவை வர்ற இடத்துல "விமானத்தை இழுத்து விடும் பொறி"ன்னு ஒரு வரி சேர்த்துட்டேன். மதுரை, நாகை சரின்னுட்டாங்க, யாழ்ப்பாணம் அரை ஓட்டு.
— சென்னை

கவண்பொறி தப்பு. பதிவுக்காக எழுதி வைக்கிறேன்.
— கோவை

அனுப்பியாச்சா? அப்ப விமானம் இறங்குறப்ப அதை நிறுத்த, வால்ல இருக்குற கொக்கி மாட்டுற கம்பிக்கு என்ன போட்டீங்க? நிமிட்ஸ்ல நாலு இருக்கும், ஃபோர்டுல மூணு.
— நாகை

வடம்! தேர்வடம்! வேர் பாருங்க...
— மதுரை