குழந்தைத் திருமணத்தை நிறுத்தப் போன அனுபவங்கள்

முன்னாள் ஊராட்சித் தலைவர், கிருஷ்ணகிரி மாவட்டம்:
2023 வைகாசியில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யாரோ தகவல் சொல்ல, கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் சமூகநலத் துறையினர், காவலர், வி.ஏ.ஓ. ஆகியோருடன் நானும் போக வேண்டியதாயிற்று. பள்ளிச் சான்றிதழின்படி பெண்ணுக்குப் பதினைந்து வயது. தகப்பனாரோ எனக்கு மாமன் முறை. பதினெட்டு முடியும்வரை மணம் செய்துவைப்பதில்லை என்று எழுதி வாங்கினோம். நாங்கள் கையெழுத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்தப் பெண் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பூ தீர்ந்து, ஓடு துருவியில் உரசிய பிறகும் அவள் கை நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்துக் கர்நாடகத்தில் ஒரு கோயிலில் திருமணம் முடிந்துவிட்டது.

கிராம சுகாதாரச் செவிலியர்:
எழுதி வாங்கியதோடு திரும்பியதுதான் பிழை என்பேன். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரிடம் தடையாணை பெற்றிருந்தால், அதை மீறி எந்த ஊர்க் கோயிலில் தாலி கட்டியிருந்தாலும் அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. நீங்கள் வாங்கிய தாளுக்கு அந்த வலு இல்லை. தடுக்கத் தவறிய திருமணங்களின் பெண்கள் கடைசியில் வந்து நிற்பது எங்களிடம்தான். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்க வந்த ஒரு பெண், ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டின்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டே அட்டையை நீட்டினாள். வயதைக் கேட்டதற்கு மாமியார் பதில் சொன்னார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
என் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கோடை விடுமுறைக்குப் பின் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தபோது காலில் மெட்டி இருந்தது. அதற்குமேல் சொல்ல எனக்கொன்றுமில்லை. ஆனால் ஊராட்சிகளுக்குச் சில யோசனைகள் உண்டு. மே 1 கிராம சபை வைகாசி முகூர்த்தங்களுக்குச் சற்று முன்னே வருகிறது. சாலையையும் குடிநீரையும் பேசி முடித்த கையோடு, வயதுச் சான்று பார்க்காமல் பந்தல்காரரும் சமையற்காரரும் பத்திரிகை அச்சிடுபவரும் முன்பணம் வாங்கக் கூடாது என்று அன்றே தீர்மானம் போடலாம். உதவி செய்தவர்களும் குற்றவாளிகளே, இரண்டாண்டு வரை கடுங்காவல் உண்டு என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. தொடர்ந்து பள்ளிக்கு வராத பெண்களின் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் மாதந்தோறும் கேட்டு வாங்க வேண்டும். பெற்றோரிடம் சட்டத்தை முதலில் எடுக்காமல், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதைச் சொல்ல வேண்டும். முன்பு திருமண உதவியாகக் கொடுத்த திட்டத்தைத்தான் 2022-இல் அப்படி மாற்றினார்கள்.

முன்னாள் ஊராட்சித் தலைவர்:
செவிலியர் அம்மா சொல்வது சட்டப்படி சரி. மனுப் போட வேண்டும் என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமன் கையெழுத்துப் போட்டதே பெரிது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஐயா சொன்ன பந்தல்காரர் என் சித்தப்பா மகன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தது நான்தான்.