திறக்கப்படாத வீரா 1.5 என்ஜினில் நைட்ரஸ்: எந்த அளவு வரை தாங்கும்?

கேள்வி: சுங்கை சிப்புட் வீரா

அனைவருக்கும் வணக்கம். அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டிய காலத்தில் வாங்கிய புரோட்டோன் வீரா 1.5 இப்போது என்னிடம் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள 4ஜி15 என்ஜின், ஏறத்தாழ 90 குதிரைத்திறன். சிப்பாங் தளத்தில் 402 மீட்டர் ஓட்டத்திற்கு மட்டும், என்ஜினின் திறனைச் சற்று நேரம் கூட்டும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு பொருத்த எண்ணுகிறேன். 75 குதிரைத்திறன் கூட்டும் ஜெட்டுடன் (வாயு பாயும் அளவை நிர்ணயிக்கும் சிறு துளை), பெட்ரோல் குழாய் இல்லாத உலர் வகைச் சாதனம் ஒன்று பழைய விலைக்கு வருகிறது. பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் மாற்றாமல் இதைப் பொருத்தலாமா? இது அப்பாவின் கார் என்பதால் என்ஜினைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

பதில்: ஈப்போ பட்டறைக்காரர்

தம்பி, அந்தச் சாதனத்தை வாங்க வேண்டாம். நைட்ரஸ் தானாக எரியும் பொருள் அன்று. என்ஜினுக்குள் ஏறத்தாழ 300 டிகிரி வெப்பத்தில் அது பிரிந்து ஆக்சிஜனை விடுகிறது. காற்றின் எடையில் ஆக்சிஜன் சுமார் 23 விழுக்காடு என்றால், நைட்ரஸின் எடையில் அது 36 விழுக்காடு. இவ்வளவு ஆக்சிஜன் உள்ளே வரும்போது அதற்கு ஈடான பெட்ரோலும் வந்தாக வேண்டும். வராவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து, வெப்பம் ஏறி, நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) தொடங்கி, பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய விளிம்பு உடைந்துவிடும். உலர் வகையில் அந்தக் கூடுதல் பெட்ரோலை உங்கள் காரின் சொந்த இன்ஜெக்டர்களே (பெட்ரோலைத் தெளிக்கும் கருவிகள்) தர வேண்டும். 90 குதிரைத்திறனுக்காக அளந்து வைக்கப்பட்ட இன்ஜெக்டர்களிடம் 165-க்குரிய பெட்ரோலை எதிர்பார்ப்பது வீண்.

பெட்ரோலுக்குத் தனி சோலினாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) உள்ள ஈர வகையைத் தேடுங்கள். அதிலும் முதலில் 25 குதிரைத்திறன் ஜெட்டோடு நின்றுகொள்ளுங்கள். திறக்கப்படாத பழைய என்ஜினில் 35-ஐத் தாண்ட நான் யாருக்கும் சம்மதித்ததில்லை.

பொருத்துவதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்த என்ஜினுக்கு நைட்ரஸே வேண்டாம். பிறகு பெட்ரோல் ஃபில்டரைப் புதிதாக்கி, முழு ஓட்டத்தில் பம்ப் அழுத்தம் குறைகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்; இருபது ஆண்டுக்கு மேலான பம்ப் நின்றபடி நன்றாகக் காட்டும், ஓட்டத்தில்தான் ஏமாற்றும். வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் ஒரு படி குளிர்ந்த வகை பிளக், ரோன் 97 பெட்ரோல், டைமிங்கில் (பிளக் தீப்பொறி விடும் தருணம்) 2 டிகிரி பின்வாங்கல் ஆகியவை போதும்.

ஸ்விட்சுகளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆக்ஸிலேட்டர் முழுவதும் அழுந்தினால் மட்டுமே திறக்கும் ஸ்விட்ச் ஒன்றும், நிமிடத்திற்கு 3000 சுழற்சிக்குக் கீழே திறக்காமல் காக்கும் ஸ்விட்ச் ஒன்றும் கட்டாயம். குறைந்த சுழற்சியில் காற்று மெதுவாக ஓடுவதால் பெட்ரோல், காற்றை உள்ளே கொண்டுசெல்லும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் தேங்கி, பின்னோக்கித் தீப்பிடித்து அதையே பிளந்துவிடும். மேல் எல்லையும் அதே அளவு முக்கியம்: உச்சச் சுழற்சியில் ஈசியூ என்னும் என்ஜின் கணினி இன்ஜெக்டர்களை மூடிவிடும், ஆனால் நைட்ரஸ் வந்துகொண்டே இருக்கும். ஆகவே அந்த எல்லைக்கு 300, 400 சுழற்சி முன்பே நைட்ரஸ் நின்றுவிட வேண்டும். பெட்ரோல் அழுத்தம் குறைந்தவுடன் நைட்ரஸை நிறுத்தும் ஸ்விட்சும் இருந்தால் நான் நிம்மதியாக உறங்குவேன்.

பதில்: தாப்பா வாசி

மேலே ஐயா சொன்ன கடைசி ஸ்விட்சை நான் வைக்கவில்லை. பெட்ரோல் சோலினாய்டின் சின்ன வடிகட்டியில் அழுக்கு அடைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. ஓட்டும்போது எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மூன்றாம் ஓட்டத்திற்குப் பிறகு நீலப் புகை வந்தபோதுதான் புரிந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலப் புள்ளிகளும், நடுவே பளபளக்கும் அலுமினியத் துகள்களும் இருந்தன. அது பிஸ்டனிலிருந்து உருகி வந்த உலோகம். முதல் ஓட்டம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் அந்தப் பிஸ்டன் பிழைத்திருக்கும். எனவே நீங்கள் ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பிறகும் பாருங்கள்.

பதில்: பீடோர் அண்ணன்

போத்தலைப் பற்றி யாரும் பேசவில்லை. குளிர்நாட்டுக்காரர்கள் போத்தலைச் சூடாக்கும் போர்வையையும் சேர்த்து வாங்குவார்கள். நமக்கு அதற்கு நேர்மாறான கவலை. 21 டிகிரியில் போத்தலின் அழுத்தம் 750 பிஎஸ்ஐ அளவில் இருக்கும், ஜெட்டுகள் பெரும்பாலும் 900 முதல் 950 வரைக்குக் கணக்கிடப்படுகின்றன. நம் ஊர் நண்பகல் வெயிலில் மூடிய காரின் பின்பெட்டிக்குள் வெப்பம் 36.4 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்ற நிலையே இல்லாமல் போய், அழுத்தம் வேகமாக ஏறும். அழுத்தம் ஏறினால் நைட்ரஸ் கூடுதலாகப் பாயும். பெட்ரோலோ பழைய அளவிலேயே வரும். தாப்பா தம்பிக்கு நேர்ந்தது அடைப்பே இல்லாமல் உங்களுக்கும் நேரலாம். அழுத்த மீட்டர் பொருத்துங்கள், ஓட்டத்திற்கு முன் ஈரத் துணியால் போத்தலைக் குளிர்வியுங்கள், வேலை முடிந்ததும் காரிலிருந்து இறக்கிவிடுங்கள். மிகை அழுத்தத்தில் உடையும் பாதுகாப்புத் தகடும், அதிலிருந்து காருக்கு வெளியே செல்லும் குழாயும் இல்லாத போத்தலை ஏற்றவே வேண்டாம். இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. நைட்ரஸின் கொதிநிலை மைனஸ் 88 டிகிரி என்பதால் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். மீதி எவ்வளவு என்பதை மீட்டர் சொல்லாது. தராசில் நிறுத்துத்தான் அறிய வேண்டும்.

பொதுச்சாலையில் இதை இயக்கவே கூடாது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியில்லாமல் காரை மாற்றி அமைப்பது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். தோட்டத்துச் சாலையில் பள்ளிப் பிள்ளைகளும் மோட்டார் சைக்கிள்களும் போய்வரும் நேரத்தை நீங்களே அறிவீர்கள்.

கேள்வி கேட்டவர்: சுங்கை சிப்புட் வீரா

மூவருக்கும் நன்றி. 75 ஜெட்டுடன் வந்த சாதனம் வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை கம்ப்ரஷன் பார்க்க ஈப்போவிற்கு வருகிறேன். நான்கு எண்களையும் இங்கே எழுதுகிறேன். அவை சரியாக இருந்தால்தான் ஈர வகையைத் தேடத் தொடங்குவேன்.